மண்கோட்டையும் அழிறப்பரும்

1

சஞ்சிகைக்காக இதை அச்சுக்கோக்கிற தம்பி என்னைத் திட்டக்கூடாது. எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். இருக்கிற இடத்தில் வெளிச்சம் குறைவு. முழங்காலில் வைத்து எழுதுகிறேன்.

இன்று யூலை பதினாலு. பிரெஞ்சுக்காரருக்கு இதைவிடப் பெரிய நாள் இல்லை. பாரிஸின் பெரிய தெருவில் காலையில் இராணுவம் அணிவகுத்துப் போகும். அதற்கு முன்னால் விமானங்கள் வரிசை வரிசையாக, மூன்று நிறத்தில் புகை விட்டபடி, வீடுகளுக்கு மேலால் பதிந்து பறக்கும். சனம் விடியவே போய் இடம் பிடித்து நிற்கும். சின்னப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிவைத்து, அந்தா பார், இந்தா பார் என்று காட்டும். இராணுவத்தைக் கண்டு கைதட்டுகிற சனத்தை நான் இங்கேதான் முதன்முதலில் கண்டேன்.

போன வருடம் இதெல்லாம் எனக்குத் தெரியாது. நானும் மகள் நிரோஜினியும் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து அப்போது ஐந்து மாதம்தான். என் கணவர் எண்பத்து மூன்றுக் கலவரத்தோடு இங்கே வந்தவர். போன யூலை பதினாலு அன்று அவர் ரெஸ்ரோறன்ற் வேலைக்குப் போய்விட்டார். தெருவில் சத்தம் சந்தடி இல்லை என்று நிம்மதியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போவதுபோல ஒரு இரைச்சல். திரும்பிப் பார்த்தால் நிரோ சாப்பாட்டு மேசைக்குக் கீழே குப்புறக் கிடக்கிறாள். அவளை வெளியே எடுக்க நானும் உள்ளே போனேன்.

பின்னேரம் இவர் வந்து கதவைத் திறந்தபோது இரண்டு பேரும் இன்னும் உள்ளேதான் இருந்தோம்.

"இஞ்சேரும், உங்கை கீழை என்ன செய்யிறியள்?"

"குண்டு போட்டவங்கள்."

"ஆர் போட்டது? இண்டைக்கு இவங்களுக்குப் பெருநாளெல்லோ!" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். பிறகு பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டார். அவளுடைய பல்லுக்கு இடையில் அழிறப்பர் இருந்தது.

அந்த அழிறப்பரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் வீடு, இராணுவம் இருந்த யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்து ஷெல் அடித்தால் விழுகிற தூரத்தில் இருந்தது. விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடவேண்டும். ஓட நேரமில்லை என்றால் கிடைத்த பள்ளத்தில் விழவேண்டும். நெஞ்சு நிலத்தில் முட்டக்கூடாது, காதைப் பொத்தவேண்டும், பல்லுக்கு இடையில் எதையாவது கடித்துக்கொள்ளவேண்டும். இதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். பெரிய ஆட்கள் சேலைத் தலைப்பையோ சாரத்து நுனியையோ கடித்தோம். பிள்ளைகளுக்கு நான்தான் யோசித்து, பென்சில் எழுத்தை அழிக்கிற றப்பரில் ஓட்டை போட்டு, நூல் கோத்துக் கழுத்தில் போட்டுவிட்டேன். எங்கள் ஒழுங்கையில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் திரிந்தார்கள். அதில் பல் அடையாளம் விழுந்தால் கொஞ்ச நாளில் வேறு மாற்றுவோம். நிரோ பாரிஸுக்குக் கொண்டுவந்தது நாலாவதோ ஐந்தாவதோ.

2

நாங்கள் லா சப்பலில் இருக்கிறோம். ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் வடக்கு முனை, ஐந்தாம் மாடி, லிஃப்ற் கிடையாது. எங்கள் ஆட்களின் கடைகள் ஒன்றிரண்டு இப்போதுதான் முளைத்திருக்கின்றன. மிளகாய்த்தூளுக்கும் ஒடியல் மாவுக்கும் இனி லண்டனில் இருக்கிற என் தம்பியை எதிர்பார்க்கத் தேவையில்லை.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் மெற்றோ நிலத்துக்குக் கீழே ஓடுவதில்லை. இரும்புப் பாலத்தில், தலைக்கு மேலால் ஓடுகிறது. எல்லோருக்கும் அது ஒரு பாலம், மழைக்கு ஒதுங்கலாம். நிரோவுக்கு அது சத்தம் வருகிற இடம். பள்ளிக்கூடம் பாலத்துக்கு அந்தப் பக்கம். முதல் மாதங்களில் ஒவ்வொரு காலையும் பாலத்தடியில் நின்று, ஒரு வண்டி போய் முடிய விட்டு, அடுத்தது வருவதற்குள் அவளை இழுத்துக்கொண்டு ஓடுவேன். சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு ஒன்றும் பார்ப்பதில்லை. கார்க்காரர் வாயில் வந்த பிரெஞ்சில் எல்லாம் ஏசுவார்கள். விளங்காதது நல்லதாய்ப் போயிற்று.

வகுப்பில் அவள் சுவரோரம்தான் இருப்பாள். கேட்டால் பதில் எழுதிக் காட்டுவாள். வாய் திறப்பதில்லை. வீட்டிலோ, எங்களுக்குக் கோபம் வருகிற அளவுக்கு, எதற்கெடுத்தாலும் பிரெஞ்சில்தான் பதில். "சாப்பிட்டியோ" என்று கேட்டால் "உய்" என்பாள். அந்தப் பிரெஞ்சைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் கதைத்தால் என்ன என்று இவர் தலையில் அடித்துக்கொள்வார்.

இந்த வருடம் ஏப்ரலில் எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். வகுப்பு ஆசிரியையும், பிள்ளைகளின் மனதைப் பார்க்கிற 'சிக்கோலோக்' அம்மா ஒருவரும் இருந்தார்கள். ஆசிரியையை எல்லோரும் மதாம் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். சிக்கோலோக் சொன்னது இதுதான். செப்ரெம்பரில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் கொலேஜுக்கு, அதாவது இங்கத்தைய நடுநிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். நிரோ போவது சரிவராது. கதைக்காத, பதினொரு வயதிலும் றப்பர் கடிக்கிற பிள்ளைக்கு வேறு பள்ளிக்கூடத்தில் தனி வகுப்பு இருக்கிறது. அங்கே பத்துப் பிள்ளைகள்தான், நன்றாகக் கவனிப்பார்கள்.

"அங்கையிருந்து திரும்பி வரலாமோ எண்டு கேளுங்கோ," என்றேன் இவரிடம்.

இவர் கேட்டார். சிக்கோலோக் கையை விரித்து, அது பிள்ளையைப் பொறுத்தது என்றார். இந்த நாட்டு அலுவலகங்களில் கையை இப்படி விரித்தால் பதில் இல்லை என்று அர்த்தம். அதை நான் வதிவிட அட்டை கொடுக்கிற ப்ரெஃபெக்தூர் வரிசையிலேயே படித்துவிட்டேன்.

குண்டுக்குள்ளும் ஷெல்லுக்குள்ளும் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு பங்கருக்குள் இருந்து கணக்குச் செய்த பிள்ளை அவள். அவளையா மூளை காணாத பிள்ளை மாதிரித் தள்ளிவைப்பது?

மதாம் கடைசியில்தான் வாய் திறந்தார். யூனில் வகுப்பை இரண்டு நாள் இங்கிலாந்துக்குக் கூட்டிப்போகிறாராம். அந்த இரண்டு நாளும் நிரோ மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து நின்றுவிட்டால், இதை முடிவு செய்கிற கூட்டத்தில் தான் அவளுக்காகப் பேசுவாராம். தேவையென்றால் தாயும் கூட வரலாமாம். அதற்குப் பிறகு எனக்கு வேறு யோசனை இல்லை. அந்த இரண்டு நாளும் பிள்ளை உடையாமல் நிற்கவேண்டும்.

3

"இங்கிலாந்திலை என்ன பாக்கப் போறியளாம்?" என்று இவர் கேட்டார்.

"ஏதோ கோட்டையாம்."

நிரோ சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்துவிட்டாள். "நான் வரேல்லை."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மற்றப் பிள்ளைகளுக்குக் கோட்டை என்றால் ராசா, ராணி, குதிரை. எங்கள் பிள்ளைக்குக் கோட்டை என்றால் ஷெல் வருகிற திசை.

நல்லவேளையாக மதாம் வகுப்பில் படம் காட்டியிருந்தார். அதில் கல்லே இல்லை. வெறும் மண். தொள்ளாயிரம் வருடத்துக்கு முன்னால் இங்கே பிரான்சின் வடக்கில் இருந்த நோர்மன்காரர் கடல் தாண்டிப் போய் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். பிடித்த ஊர் ஒவ்வொன்றிலும் கல்லைத் தேடி நிற்க நேரமில்லை. ஊர்ச்சனத்தைப் பிடித்து, வட்டமாக ஒரு அகழி வெட்டுவித்து, வெட்டின மண்ணை நடுவில் குவித்து, குன்றுபோல உயர்த்தி, மேலே ஒரு மரக் கோபுரம் கட்டினார்கள். பக்கத்தில் இன்னொரு மண் அணைக்குள் குதிரையும் ஆட்களும். மரம் உக்கிப்போய்விட்டது. மண் அப்படியே இருக்கிறது. இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் இப்படி நூற்றுக்கணக்கில் கிடக்கிறதாம். நிரோ இதையெல்லாம் பாதித் தமிழும் பாதிப் பிரெஞ்சுமாகச் சொன்னாள்.

"மண்ணைப் பாக்கவோ இவ்வளவு துலைக்குப் போறியள்?" என்று இவர் சிரித்தார். "இதையெண்டால் எங்கடை ஆமிக் காம்பிலை பாத்திருக்கலாமே. அதுவும் மண் அணைதான்."

பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு அது பகிடியாகப் படவில்லை. எங்கள் சந்தியில் காம்ப் போட்டபோது இப்படித்தான் மண்ணை ஏற்றி அணை கட்டினார்கள். போகிற வருகிற இளம்பிள்ளைகளை மறித்து மண் சுமக்க விட்டதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கடவுச்சீட்டு எங்களுக்கு இல்லை. அகதிகளுக்குக் கொடுக்கிற தித்ர் து வொயாஜ் என்ற நீலப் புத்தகம்தான் உண்டு. எல்லா நாட்டுக்கும் போகலாம், ஸ்ரீலங்காவைத் தவிர என்று அதில் அடித்திருக்கும். இங்கிலாந்துக்குப் போக விசா தேவையில்லை என்று ப்ரெஃபெக்தூரில் ஒருத்தி சொன்னாள். பக்கத்து ஜன்னலில் இருந்தவள் தேவை என்றாள். மூன்றாவது நாள் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர் கையை விரித்தார். கடைசியில் மதாமே எங்கெங்கோ தொலைபேசி எடுத்து, தேவையில்லை என்று எழுதி வாங்கிவந்தார்.

புறப்படுகிற முதல்நாள் நிரோவை உட்காரவைத்துச் சொன்னேன். "பிள்ளை, றப்பர் கழுத்திலை போடக்கூடாது. மதாம் பாத்துக்கொண்டிருப்பா. சத்தம் கித்தம் கேட்டால் என்ரை கையைப் பிடி. விழுந்து படுக்கக்கூடாது. கத்தக்கூடாது. என்ன?"

"ஓம்."

"சத்தியமாய்?"

"ஓமம்மா."

றப்பரைக் கழற்றிக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். அதையும் வாங்கியிருக்கலாம். மனம் வரவில்லை.

4

கப்பலில் இருந்து இறங்கியதும், டோவரில், வகுப்பு முழுவதும் ஒரு கதவால் போனது. நீலப் புத்தகத்தைக் கண்டதும் எங்கள் இரண்டு பேருக்கும் வேறு கதவைக் காட்டினார்கள்.

ஒரு சின்ன அறை. ஒரு மேசை. கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். ஜன்னலுக்கு வெளியே பஸ் தெரிந்தது. பிள்ளைகள் ஏறி இருந்துகொண்டு எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களால் பயணம் பிந்துகிறது. நிரோவின் கை பைக்குள் போனது. றப்பரைத் தொடுகிறாள் என்று தெரிந்தது. மேசைக்குக் கீழால் அவள் கையை இறுக்கிப் பிடித்தேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். பிரான்சில் ஒன்றரை வருடமாக நான் ஊமை. கடையில் கைகாட்டித்தான் சாமான் வாங்குவேன். கூட்டித் துடைக்கிற அலுவலகத்தில் "பொன்ஜூர்" என்றால் "பொன்ஜூர்" என்பேன், அவ்வளவுதான். ஆனால் கொன்வென்றில் படித்த இங்கிலீஷ் எனக்குள் கிடந்தது. அதிகாரி வாய் திறந்து கேட்டதும் அது தடதடவென்று வெளியே வந்தது. எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. நிரோ வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

இங்கிலாந்தில் உறவினர் இருக்கிறார்களா என்று அவர் கேட்டார்.

இல்லை என்று சொல்லச் சொல்லித்தான் லா சப்பலில் எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இருக்கிறார் என்றால் நீ திரும்பிப் போகமாட்டாய் என்று நினைப்பார்கள். பொய் தொண்டைவரை வந்தது. பிள்ளை பக்கத்தில் இருக்கிறாள். பொய்யில் ஒரு கேள்வி இடறினால் இரண்டு பேரையும் அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள். அதோடு கொலேஜும் போய்விடும்.

"என் தம்பி லண்டனில் இருக்கிறான்," என்றேன். "ஆனால் அவனைப் பார்க்க எனக்கு நேரமில்லை. நாங்கள் ஒரு மண்மேடு பார்க்கப் போகவேண்டும்."

அவர் நிமிர்ந்தார். "மண்மேடா?"

"ஓம். உங்கள் நாட்டைப் பிடித்தவர்கள் கட்டியது."

மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். தான் சின்ன வயதில் அப்படி ஒரு மேட்டில்தான் உருண்டு விளையாடியதாகச் சொல்லிவிட்டு, இரண்டு புத்தகத்திலும் டக், டக் என்று முத்திரை குத்தினார். பஸ்ஸில் ஏறினோம். நிரோ பக்கத்தில் வந்து இருந்தாள். "நீங்கள் நல்லாக் கதைக்கிறியள்," என்றாள், தமிழில்.

5

அடுத்த நாள் காலை அந்த இடத்துக்குப் போனோம். ஒரு சின்னக் கிராமம். தேவாலயம் ஒன்று, கல்வீடுகள் கொஞ்சம், ஆற்றில் ஒரு பாலம். ஊருக்கு மேலே வேலி போட்ட புல்வெளி, முழுக்க ஆடுகள். ஆடுகளுக்கு நடுவில் அந்த மேடு.

சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒன்றுமே இல்லை. கவிழ்த்துவைத்த பெரிய தாச்சிச் சட்டி மாதிரி ஒரு பச்சைக் குன்று. சுற்றிவர அகழி. தண்ணீர் இல்லை, புல்லும், பட்டால் எரிகிற காஞ்சோண்டி மாதிரி ஒரு செடியும். ஒரு அறிவிப்புப் பலகை. ஆனால் அகழிக்குள் இறங்கி நின்று நிமிர்ந்து பார்த்தேன். மேடு தலைக்கு மேலே செங்குத்தாக நிற்கிறது. மேலே நிற்பவனுக்கு நீ முழுதாகத் தெரிவாய், உனக்கு வானம்தான் தெரியும். இது யார் யாரைப் பார்ப்பதற்காகக் கட்டியது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை.

மதாம் பிள்ளைகளை மேலே ஏற்றிவிட்டு, நோர்மன்காரர் எப்படி வந்தார்கள், எத்தனை கெட்டிக்காரர் என்று விளக்கினார். பிள்ளைகள் தங்கள் பாட்டன்தான் கட்டினதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். வலெரி என்று ஒரு சுருட்டைமுடிப் பிள்ளை இல்லாத வாளைச் சுழற்றினாள். நிரோ ஓரமாக நின்றாள். ஆனால் எல்லோரோடும் நின்றாள். முதல் நாள் முடிந்துவிட்டது, இனி அரை நாள்தான் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிறகு பிள்ளைகளை ஓடி விளையாட விட்டார்கள். நான் அகழி ஓரத்தில் வலெரியோடும், அவளோடு திரிகிற குண்டுப் பையன் ஒருவனோடும் நின்றேன். கண் முழுக்க மேலே நின்ற நிரோவில்தான்.

விமானம் வந்தபோது ஆடுகள்கூட நிமிரவில்லை. அந்த நாட்டில் இராணுவ விமானங்கள் இப்படிப் பதிந்து பறந்து பழகுமாம், ஆடுகளுக்கு அது அன்றாடம். எனக்கு அதை முன்கூட்டி யார் சொன்னது? பள்ளத்தாக்குப் பக்கமாக ஒரு கறுப்பு நிழல் வந்ததைக் கண்டேன். தேவாலயக் கோபுரத்தைத் தொடுகிற உயரம். எங்கள் ஊர் பொம்பர் மெதுவாக வரும், சத்தம் முன்னால் வரும், ஓட நேரம் தரும். இது நிழல் வந்து, விமானம் வந்து, போன பிறகுதான் வானம் வெடித்தது.

அதற்குப் பிறகு நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. உடம்பு தன்பாட்டில் செய்தது. வலெரியை ஒரு கையிலும் பையனை மறு கையிலும் பிடித்து அகழிக்குள் எறிந்தேன். "விழுந்து படுங்கோ! நெஞ்சு முட்டப்படாது! காதைப் பொத்துங்கோ!" என்று தமிழில் கத்தினேன். பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு எப்படியோ விளங்கிவிட்டது. விளையாட்டு என்று நினைத்து மற்றப் பிள்ளைகளும் பொத்துப் பொத்தென்று குதித்துப் படுத்தார்கள். தொள்ளாயிரம் வருடத்துக்குப் பிறகு அந்த அகழிக்கு ஆள் கிடைத்தது.

எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. பிள்ளைகள் எழும்பிவிட்டார்கள் போல. நான் எழும்பவில்லை. விமானம் திரும்பி வரவேண்டும், அப்போதுதானே குண்டைப் போடும். அதற்காகக் காத்துக்கொண்டு கிடந்தேன்.

யாரோ என் வாயில் இருந்து எதையோ இழுத்தார்கள். என் கம்பளிச் சட்டையின் கைதான். நான் அதைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

"அம்மா, எழும்புங்கோ. அது போயிட்டுது."

நிரோ பக்கத்தில் குந்தியிருந்தாள். கையிலும் வாயிலும் ஒன்றும் இல்லை.

"நீ படுக்கேல்லையோ?"

"இல்லை. மேலை நிண்டு பாத்தனான், சுத்தி வருதோ எண்டு. அது நேரை போயிட்டுது. மேலை நிண்டால் தெரியுமம்மா. கீழை நிண்டால்தான் ஒண்டும் தெரியாது."

அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். மதாம் வெளிறிப்போய் நிற்கிறார். பிள்ளைகள் வட்டமாக நிற்கிறார்கள். வலெரியின் முழங்காலில் இரத்தம். யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. என் உடம்பெல்லாம் புல்லும் ஆட்டுப் புழுக்கையும். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. பிள்ளை நின்றாள், நான் விழுந்தேன். பிள்ளைக்குச் செய்யாதே என்று சொன்னதையெல்லாம் நானே செய்தேன். தாய்க்கே பிசகு, பிள்ளை எப்படி இருக்கும் என்றுதான் இனி எழுதுவார்கள். எல்லாவற்றையும் என் கையாலேயே கெடுத்துவிட்டேன்.

நிரோ எழுந்து நின்றாள். சிரித்த பிள்ளையைப் பார்த்து, பிரெஞ்சில், சத்தமாக, கதைக்கத் தொடங்கினாள். எனக்குப் பாதிதான் விளங்கியது. எங்கள் ஊரில் விமானம் வந்தால் குண்டு போடும் என்றாள். வீட்டு வளவில் குழி வெட்டித் தென்னங்குற்றி அடுக்கியிருந்தோம் என்றாள். அம்மா உங்களை ஒளிக்கத்தான் எறிந்தவ என்றாள். அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு மதாமிடம் திரும்பி ஒரு கேள்வி கேட்டாள். இந்தக் கேள்வி எனக்கு முழுதாக விளங்கியது. "கீழே ஊரில் இருந்த ஆட்கள் எங்கே ஒளித்தார்கள்?"

மதாம் அகழிக் கரையில் அப்படியே உட்கார்ந்தார். ஊரைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். "தெரியாது, நிரோஜினி," என்றார் கடைசியில். "கட்டினவர்களின் மேடு மிஞ்சியிருக்கு. ஒளித்தவர்களின் குழி ஒன்றும் மிஞ்சேல்லை." நிரோதான் இதைப் பஸ்ஸில் எனக்குத் தமிழில் சொன்னாள்.

திரும்பும் வழியெல்லாம் மதாம் முன் ஆசனத்தில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அந்த முதுகைப் பார்க்கப் பார்க்கப் பயம் கூடியது.

6

கூட்டம் யூன் கடைசியில். இவர் வேலைக்கு லீவு போட்டு வந்தார். நாங்கள் இரண்டு பேரும் தாழ்வாரத்து வாங்கில், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வாங்கில், முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருந்தோம். உள்ளே சிக்கோலோக்கின் குரல் கேட்டது. பிறகு மதாமின் குரல், அவருடையதைவிட உயர்ந்து. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரில் ஒருநாளும் நாலு பேர் காண என் கையைப் பிடித்தவர் இல்லை.

கதவைத் திறந்து மதாம் வந்தார். நேராக என்னிடம் வந்து, மெதுவாக, எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நிரோஜினி கொலேஜுக்குப் போகிறாள். இந்த வருடம் முழுக்க அந்த வகுப்பில் கேட்கப்பட்டதில் நல்ல கேள்வி அவளுடையதாம். பிறகு என் தோளில் கைவைத்து, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். இந்த நாட்டில் அதை வழக்கமாக எல்லோரும் கேட்பார்கள். அவர் பதிலுக்காக நின்றார். நான் "சா வா, சா வா," சுகம்தான், சுகம்தான் என்று சொல்லிவிட்டு வெளியே ஓடிவந்து அழுதேன்.

வீட்டுக்கு வரும்போது பாலத்தடியில் மெற்றோ போனது. நிரோ நடந்துகொண்டே இருந்தாள். நான்தான் நின்றேன்.

"பிள்ளை பாஸ்," என்றார் இவர். "தாய்தான் பெயில்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் மனிதர் சொன்னது பொய்யில்லை. வந்த நாளில் இருந்து பிள்ளைக்குப் பயம், பிள்ளைக்குப் பயம் என்று சொல்லிச் சொல்லியே என்னுடைய பயத்தை அவள் முதுகில் ஏற்றி வைத்திருந்தேன். அவள் அதை இறக்கிவைத்துவிட்டு நடக்கிறாள். நான் இன்னும் அந்த வளவில், அந்தக் குழிக்குள்ளேயே இருக்கிறேன். நீங்கள் இதை எந்த நிலைமையில் இருந்து வாசிப்பீர்களோ தெரியாது. தப்பி வந்தவளுக்கு என்ன பயம் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இன்று காலை வலெரி வந்து கூப்பிட்டாள், விமானம் பார்க்க. முழங்காலில் தழும்பு இருக்கிறது. அவள் அதைப் பெரிய விருது மாதிரி எல்லோருக்கும் காட்டித் திரிகிறாளாம். வலெரியின் தாயும் கூடப் போகிறார். இவருக்கு ரெஸ்ரோறன்றில் பெருநாள் வேலை. நிரோ சப்பாத்தைப் போட்டுவிட்டு வாசலில் நின்றாள். போனாள், திரும்பி வந்தாள், மேசைப் பக்கம் குனிந்து எதையோ தேடினாள், மறுபடி வாசலுக்குப் போனாள்.

"நீங்கள் தனிய இருப்பியளோ?"

"இதென்ன கேள்வி? எனக்குச் சமையல் கிடக்கு. போயிட்டு வா."

"அதுகள் குண்டு போடாதம்மா."

"தெரியும் பிள்ளை. போ."

போய்விட்டாள். ஜன்னலைப் பூட்டினேன். ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவைத்தேன். தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டேன். வெங்காயம் உரித்தேன். இந்த முறை எனக்குத் தெரியும், நாள் தெரியும், நேரம் தெரியும், புகையின் நிறம்கூடத் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் நின்றேன். தூரத்தில் அந்த இரைச்சல் தொடங்கியதும் கத்தி கையில் இருந்து விழுந்தது.

மேசைக்குக் கீழே பாய் விரித்திருந்தது. என்னுடைய தலையணை இருந்தது. மேசைக் காலில், நான் படுத்தால் வாய்க்கு எட்டுகிற உயரத்தில், அந்த அழிறப்பர் நூலோடு கட்டியிருந்தது.

விமானங்கள் போய் எவ்வளவோ நேரமாகிவிட்டது. வெளியே பாண்ட் வாத்தியம் கேட்கிறது. நான் இன்னும் மேசைக்குக் கீழேதான் இருக்கிறேன், இதை எழுதிக்கொண்டு. றப்பரில் அவளுடைய பல் அடையாளத்தோடு இப்போது என்னுடையதும் இருக்கிறது. படியில் காலடிச் சத்தம் கேட்கிறது, இரண்டு இரண்டு படியாகத் தாவி வருகிறாள். எழும்பிவந்து கதிரையில் இருந்து, ஒன்றும் நடக்காததுபோல வெங்காயம் உரிக்கலாம். நேரம் இருக்கிறது.

நான் எழும்பவில்லை. வரட்டும். கண்டால் காணட்டும்.